ஆப்பிரிக்காவை எதற்காகப் படிக்க வேண்டும்?

சென்னை ஐஐடி, 2023-இல் தான்சானியாவின் சான்சிபார் தீவில் ஒரு வளாகத்தைத் திறந்தது. இந்தியாவுக்கு வெளியே ஓர் ஐஐடி வளாகம் அமைந்தது அதுவே முதல் முறை. தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. நாளேடுகள் பெருமையோடு எழுதின. பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால், ஆப்பிரிக்காவுக்குக் கற்பிக்கச் செல்லும் இந்நகரத்தின் இளநிலைப் பாடத்திட்டங்களில் ஆப்பிரிக்காவைப் பற்றிக் கற்பதற்கு இருக்கும் இடம் மிகச் சிறியது. ஆங்கில இலக்கிய மாணவர் சினுவா அச்செபேயின் ஒரு நாவலைப் படிப்பார். வரலாற்று மாணவர் காலனியாதிக்கப் பங்கீட்டைப் பற்றி ஒரு பத்தியைப் படிப்பார். அத்துடன் 54 நாடுகள் கொண்ட ஒரு கண்டம் முடிந்துவிடும்.

தென்சென்னைக் கல்லூரி ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கில இலக்கியம் கற்பித்தவள் என்பதால், மயிலாப்பூரில் எங்கள் தெருவில் யாருடைய பிள்ளை எதைப் படிக்க வேண்டும் என்ற கேள்வி அவ்வப்போது என் வாசலுக்கு வரும். இந்த ஆண்டு வந்த கேள்வி புதியது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இளநிலைப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. பொருளியலோடு ‘ஆப்பிரிக்கானா ஸ்டடீஸ்’ என்பதையும் முதன்மைப் பாடமாக எடுக்கப் போவதாக அவள் வீட்டில் சொல்லியிருக்கிறாள். “அது என்ன படிப்பு டீச்சர்? நம்ம பொண்ணு எதுக்கு அதைப் படிக்கணும்?” என்று அவளுடைய தந்தை கேட்டார். இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டாவது கேள்விக்குத்தான் இந்நகரத்தில் விரிவான விடை இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதல் கேள்விக்குச் சுருக்கமாகவே விடை சொல்லிவிடலாம். ஆப்பிரிக்கக் கண்டத்தையும், அங்கிருந்து அடிமைகளாகவும் வணிகர்களாகவும் படைவீரர்களாகவும் உலகெங்கும் பரவிய மக்களையும் ஒரே பார்வைப் பரப்பில் வைத்துப் படிப்பது இத்துறை. பிரேசிலும் ஜமைக்காவும் ஹைதியும் அமெரிக்கத் தென்மாநிலங்களும் அதில் அடங்கும். இந்தியப் பெருங்கடல் பகுதியும் அடங்கும். எத்தியோப்பியாவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, தக்காணத்தில் அகமதுநகர் அரசின் ஆட்சியையே கையில் வைத்திருந்த மாலிக் அம்பர் இத்துறையின் பாடம். கர்நாடகத்திலும் குஜராத்திலும் வாழும் சித்திகளும், இலங்கையில் புத்தளத்துக்கு அருகே வாழும் ஆப்பிரிக்க வழிவந்தோரும்கூட அதன் பாடமே.

இத்துறை பிறந்தது நூலகத்தில் அன்று, போராட்டத்தில். 1968 நவம்பரில் சான்பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் கறுப்பின மாணவர்களும் பிற சிறுபான்மை மாணவர்களும் தொடங்கிய வேலைநிறுத்தம், ஏறத்தாழ ஐந்து மாதங்கள் நீடித்தது. தங்கள் வரலாற்றைத் தாங்களே கற்கும் துறை வேண்டும் என்பது அவர்களின் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்று. 1969-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் ஒரு கட்டடத்தைக் கைப்பற்றினார்கள். அந்த ஆண்டிலேயே அங்கே உருவான ஆய்வு மையம் ‘ஆப்பிரிக்கானா’ என்ற பெயரைச் சூடிக்கொண்டது. ‘கறுப்பின ஆய்வு’ என்ற பெயர் அமெரிக்காவோடு நின்றுவிடக்கூடும் என்பதால் விரிந்த பெயர் ஒன்று தேவைப்பட்டது.

அமெரிக்காவைவிட நம் சூழலுக்கு நெருக்கமான நிகழ்வு, அதே 1968-இல் கென்யத் தலைநகர் நைரோபியில் நடந்தது. கூகி வா தியாங்கோவும் அவருடைய சக ஆசிரியர்கள் இருவரும் நைரோபி பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத் துறையையே கலைத்துவிட வேண்டும் என்று ஒரு குறிப்பை முன்வைத்தார்கள். ஆங்கில இலக்கியத்தைப் படிக்கவே கூடாது என்பது அவர்களின் வாதமாக இருக்கவில்லை. எதை நடுவில் வைக்கிறோம், எதை ஓரத்தில் வைக்கிறோம் என்பதே கேள்வி. ஆப்பிரிக்க மொழிகளும் வாய்மொழி மரபும் நடுவில் இருக்கட்டும். அங்கிருந்து கரீபியனுக்கும் ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் மாணவர் செல்லட்டும் என்றார்கள். 1857-இல் தொடங்கப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் வழிவந்த கல்லூரிகளில், ஆங்கிலத் துறைக்கும் தமிழ்த் துறைக்கும் இடையில் ஒரு தாழ்வாரத்தின் தூரமே இருந்தபோதிலும் இரண்டு துறைகளும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரு நூற்றாண்டைக் கழித்திருக்கின்றன. நைரோபிக் குறிப்பை வகுப்பில் நான் பாடமாக நடத்திய ஒவ்வொரு முறையும் மாணவியர் எழுப்பிய முதல் கேள்வி ஒன்றாகவே இருந்தது: “இதை நாம் ஏன் செய்யவில்லை?”

இனி இரண்டாவது கேள்வி. நம் பெண் எதற்கு அதைப் படிக்க வேண்டும்?

துணியிலிருந்து தொடங்குகிறேன். தியாகராய நகரின் ஜவுளிக் கடைகளில் நாம் அறியாத ஒரு சொல் நைஜீரியாவின் திருமணங்களில் புழங்குகிறது: ‘ஜார்ஜ்’. நைஜர் ஆற்றுக் கழிமுகத்திலும் அதையொட்டிய பகுதிகளிலும் மணப்பெண்ணும் உறவினர்களும் இடுப்பில் கட்டும் விலையுயர்ந்த துணியின் பெயர் அது. நம் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து கப்பலேறிய துணி என்பதே அப்பெயருக்குச் சொல்லப்படும் காரணம். கட்டம்போட்ட ‘மெட்ராஸ் கைக்குட்டை’த் துணி இதன் நெருங்கிய உறவு. அதே கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் அதை ‘இன்ஜிரி’ என்று அழைக்கிறார்கள். குழந்தை பிறந்தாலும் முதியவர் இறந்தாலும் சடங்கில் அதற்கு இடம் உண்டு. அது மட்டுமன்று. அந்தத் துணியிலிருந்து சில இழைகளை மட்டும் நுணுக்கமாக அறுத்தெடுத்து, புதிய கோலம் ஒன்றை உருவாக்கும் கலை அவர்களிடம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையின் நெசவாளர் நெய்ததை, அந்தப் பெண்கள் இழை இழையாகப் பிரித்துத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். இந்தத் துணி எங்கிருந்து வந்தது என்பதை அவர்கள் பெயரிலேயே நினைவு வைத்திருக்கிறார்கள். எங்கே போனது என்பதை நாம் மறந்துவிட்டோம்.

இந்தக் கதை இவ்வளவு இனிமையாகவே முடிந்துவிடுவதில்லை. 18-ஆம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் ஐரோப்பிய வணிகர்கள் மனிதர்களை விலைக்கு வாங்கக் கொடுத்த பண்டங்களில் இந்தியப் பருத்தித் துணிக்கு மிகப் பெரிய பங்கு இருந்தது. சோழமண்டலக் கரையின் நீலத்துணி அதில் முக்கியமானது. புதுச்சேரியிலிருந்து சென்ற நீலத்துணி, செனகல் ஆற்றங்கரையில் பிசின் வணிகத்துக்குப் பணம் போலவே பயன்பட்டது. அதாவது, ஒரு கண்டத்தின் துயரத்துக்கு அளவுகோலாக இருந்த துணியை நெய்தவை நம் தறிகள். நெய்தவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

சென்னையிலிருந்தே மனிதர்களும் விற்கப்பட்டார்கள். 17-ஆம் நூற்றாண்டில் போரும் பஞ்சமும் வந்தபோதெல்லாம் சோழமண்டலக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். டச்சுக்காரர்கள் அதில் முன்னணியில் இருந்தார்கள், ஆங்கிலேயரும் விலகி நிற்கவில்லை. 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேலின் காலமும் இதில் சேரும். அவருடைய பெயரைத் தாங்கிய அமெரிக்கப் பல்கலைக்கழகம், அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்பை ஆராய்ந்து, 2024-இல் முறைப்படி மன்னிப்புக் கோரியது. அப்படியொரு ஆராய்ச்சியை அங்கே நிகழ்த்தவைத்தது, அரை நூற்றாண்டுக்கு முன் மாணவர்கள் போராடிப் பெற்ற இதுபோன்ற துறைகள் எழுப்பிய கேள்விகள்தான். கோட்டை நம் ஊரில் இருக்கிறது. ஆய்வு அவர்கள் ஊரில் நடக்கிறது.

உணவைப் பற்றி நீட்டி எழுத ஆசைதான். ஒரு பத்தியோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆடி மாதத்தில் மயிலாப்பூர் அம்மன் கோயில்களில் ஊற்றப்படும் கூழின் கேழ்வரகு, கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில் முதன்முதலாகப் பயிரானது. கம்பு மேற்கு ஆப்பிரிக்காவின் சகாராவோரப் பகுதியிலிருந்து வந்தது. சோளமும் காராமணியும் அந்தக் கண்டத்தின் கொடைகளே. புளியமரத்தின் தாயகமும் ஆப்பிரிக்கா. காப்பியின் தாயகம் எத்தியோப்பியா என்பதைப் பலரும் அறிவார்கள். ‘பாரம்பரியச் சிறுதானியம்’ என்று விளம்பரப் பலகையில் எழுதும்போது, யாருடைய பாரம்பரியம் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பதில் தவறில்லை.

தமிழுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே கல்வித்துறை உறவு ஒன்றை உருவாக்கும் முயற்சி முன்பே நடந்திருக்கிறது என்பது இன்று பெரும்பாலும் மறக்கப்பட்ட செய்தி. செனகலின் முதல் குடியரசுத் தலைவரும் பிரெஞ்சு மொழியின் பெருங்கவிஞர்களுள் ஒருவருமான லியோபோல்டு செடார் செங்கோர், 1974-இல் சென்னைக்கு வந்து, கறுப்பினப் பண்பாட்டையும் திராவிடப் பண்பாட்டையும் ஒப்பிட்டு உரையாற்றினார். உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் ஆய்விதழில் அது வெளிவந்தது. தக்கார் பல்கலைக்கழகத்தில் இந்தோ-ஆப்பிரிக்க ஆய்வுத் துறை ஒன்றை ஏன் உருவாக்க வேண்டும் என்று விளக்கித் தனிக் கட்டுரையும் எழுதினார். பின்னாளில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய க.ப. அறவாணன், தக்காருக்குச் சென்று ஆய்வுப்பணி ஆற்றினார். திராவிடர்–ஆப்பிரிக்கர் ஒப்பீடு குறித்து நூல்களையும் கொண்டுவந்தார். ஒரு நாட்டின் தலைவரே தமிழுக்கு இருக்கை கேட்ட அரிய வாய்ப்பு அது.

அந்த ஒப்பீடுகளின் முடிவுகளை நான் ஏற்கவில்லை. வோலோஃப், செரர் மொழிச் சொற்களுக்கும் தமிழ்ச் சொற்களுக்கும் உள்ள ஒலி ஒற்றுமையை வைத்து இரண்டும் ஒரே குடும்பம் என்று நிறுவ முனைந்தார்கள். முறையான ஒலிமாற்ற விதிகளைக் காட்டாமல் சொற்பட்டியலை மட்டும் காட்டும் உறவை ஒப்பீட்டு மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. அவர்கள் பக்கமே நியாயம் இருக்கிறது. ஆனாலும் அம்முயற்சியை எள்ளி நகையாட எனக்கு மனமில்லை. ஐரோப்பாவின் வழியாக மட்டுமே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட இரண்டு மக்கள் நேருக்குநேர் பேச விரும்பினார்கள். அதற்குத் தொப்புள்கொடி உறவைத் தேடியது தேவையற்றது என்பேன். உறவினராக இருந்தால்தான் ஒருவரைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டுமா என்ன? துணிக்கணக்கும் கப்பல் பதிவும் காட்டும் உறவு, வேர்ச்சொல் காட்டும் உறவைவிட உறுதியானது.

கப்பல் பதிவுகளுள் மிக முக்கியமானது ‘ட்ரூரோ’ என்னும் கப்பலுடையது. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட அது, நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1911 வரை நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற ஏறத்தாழ 1,52,000 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியே சென்றவர்கள். நாயுடு, பிள்ளை, கவுண்டர், முதலி, படையாட்சி என்ற பெயர்கள் அங்கே உருமாறி, குடும்பப் பெயர்களாக நிலைத்துவிட்டன. தில்லையாடி வள்ளியம்மையை நம் பாடநூல்கள் நினைவில் வைத்திருக்கின்றன. அவருக்குப் பின் என்ன நடந்தது என்பதில்தான் மௌனம்.

1970-களில் ஸ்டீவ் பிகோவின் கறுப்புணர்வு இயக்கத்தில் ஸ்ட்ரினி மூட்லி, சாத்ஸ் கூப்பர் போன்ற இந்திய வம்சாவளி இளைஞர்கள் முன்னணியில் நின்றார்கள். வழக்கைச் சந்தித்து ராபன் தீவுச் சிறைக்கும் சென்றார்கள். மூட்லி என்பது நம் முதலிதான். சட்டத்தாலும் வழக்கத்தாலும் ஒடுக்கப்பட்ட அனைவரும் கறுப்பரே என்று அந்த இயக்கம் வரையறுத்தது. அவர்களுக்குக் கறுப்பு என்பது தோலின் நிறமாக இல்லாமல் அரசியல் நிலைப்பாடாக இருந்தது. இதற்கு மறுபக்கமும் உண்டு. 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே வெடித்த கலவரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கானா பல்கலைக்கழக வளாகத்தில் நிறுவப்பட்ட காந்தி சிலை, ஆப்பிரிக்கர்களைப் பற்றி அவர் தம் இளமைக்காலத்தில் எழுதியவற்றைச் சுட்டிக்காட்டி ஆசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்ததால், 2018-இல் அகற்றப்பட்டது. இத்துறையில் இறங்கும் தமிழ் மாணவர் தம் முன்னோரை எப்போதும் பாதிக்கப்பட்டோர் வரிசையிலேயே காண முடியாது. அந்தச் சங்கடத்துக்காகவே இதைப் படிக்கலாம் என்று நினைக்கிறேன்.

சாதியைப் பற்றிப் பேசாமல் இந்தத் தலைப்பைக் கடக்க இயலாது. அமெரிக்காவில் அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்டோருக்குத் தம் ‘குலாம்கிரி’ நூலை 1873-இல் காணிக்கையாக்கினார் ஜோதிராவ் பூலே. 1946-இல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐ.நா. அவைக்கு அளித்த மனுவின் படியைக் கேட்டார்; டுபாய்ஸ் விடையும் எழுதினார். 1972-இல் மும்பையில் தோன்றிய தலித் சிறுத்தைகள் தம் பெயரையே அமெரிக்காவின் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து பெற்றார்கள். சாதியும் இனமும் ஒன்றா என்பது முடிவடையாத விவாதம். ஒன்றல்ல என்பதே என் கருத்து. ஆனால் ஒன்றை அறிந்தவருக்கு மற்றொன்றின் இயக்கம் விரைவில் பிடிபடும்.

“சரி, வேலை?” என்று கேட்டார் அந்தத் தந்தை. பொய்யாக நம்பிக்கையூட்ட எனக்கு விருப்பமில்லை. இந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு சென்னைக்குத் திரும்பினால் வேலை வாசலில் காத்திருக்காது. அமெரிக்காவிலும் இத்துறைமீது அரசியல் அழுத்தம் கூடியிருக்கிறது. பள்ளி மாணவர்களுக்கான ஆப்பிரிக்க-அமெரிக்கப் பாடத்தை ஃபுளோரிடா மாநிலம் 2023-இல் ஏற்க மறுத்தது. அவருடைய மகள் பொருளியலையும் சேர்த்தே படிக்கிறாள் என்பது நல்லது. சுவாஹிலியோ பிரெஞ்சோ ஒரு மொழியையும் நன்றாகக் கற்றுக்கொள்ளட்டும் என்றேன். இந்திய நிறுவனங்கள் ஆப்பிரிக்காவில் மருந்து விற்கின்றன, நிலம் குத்தகைக்கு எடுக்கின்றன, கல்லூரி திறக்கின்றன. அந்த நாடுகளின் வரலாற்றையும் நிலவுரிமையையும் அறிந்த ஒருவர்கூட இல்லாமல் இவை நடப்பது வணிகத்துக்கும் நல்லதன்று.

இந்தியாவில் இதற்கு முன்மாதிரிகள் இருக்கின்றன. டெல்லி பல்கலைக்கழகத்தின் ஆப்பிரிக்கவியல் துறை 1955-இலும், மும்பை பல்கலைக்கழகத்தின் மையம் 1971-இலும் தொடங்கப்பட்டன. இவை முதன்மையாக உயராய்வுக்கானவை. பதினெட்டு வயதில் கல்லூரிக்குள் நுழையும் மாணவருக்கானவை அல்ல. சென்னைக் கல்லூரிகளில் தனிப் பட்டம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. விருப்பப் பாடமாக ஒரு பருவத்துக்கு ஒரு தாள் போதும். பாடத்திட்டக் குழு ஒன்று கூடி முடிவெடுத்தால் நடந்துவிடும். நூல்களுக்கும் பஞ்சமில்லை. இந்திரன் மொழிபெயர்த்த ‘அறைக்குள் வந்த ஆப்பிரிக்க வானம்’ 1982-இலேயே வெளிவந்துவிட்டது. அச்செபேயின் நாவல் என்.கே. மகாலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் ‘சிதைவுகள்’ என்ற பெயரில் கிடைக்கிறது. கூகியின் ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ தமிழில் இருக்கிறது. கன்னிமாராவுக்குச் சென்றால் கோட்டையின் பழைய ஆவணப் பதிப்புகளைப் புரட்டலாம்.

அந்தத் தாளுக்கு ஆசிரியர்களும் இந்நகரத்திலேயே இருக்கிறார்கள். கல்வி உதவித்தொகை பெற்று ஆப்பிரிக்க மாணவர்கள் சென்னைக்கு வருகிறார்கள். மருத்துவமனைகளைத் தேடிக் குடும்பங்கள் வருகின்றன. என்னிடம் படித்த கென்ய மாணவி ஒருவர் வாடகை வீடு தேடி இரண்டு மாதம் அலைந்தார். தொலைபேசியில் காலியாக இருந்த வீடு, அவர் நேரில் போய் நின்றதும் நிரம்பிவிடும். முன்பணம் அதிகம் தருவதாகச் சொல்லியும் பயனில்லை. இறுதியில் சக மாணவி ஒருவரின் தாயார் தம் மாடி அறையைக் கொடுத்தார். அந்த வீட்டில்தான் அந்த அம்மா கேழ்வரகுக் களி கிளறுவதைப் பார்த்துவிட்டு, “எங்கள் ஊரில் இதை விம்பி என்போம்” என்று அந்த மாணவி சொன்னாராம். மறுநாள் வகுப்பில் அச்செபேயை ஒதுக்கி வைத்துவிட்டு, தானியங்களைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினோம்.